பெல்ஜியத்துப் புளிப்பு பீரை மதுரையில் உட்கார்ந்து சுவைப்பது எப்படி

எங்களுக்குக் காப்பித்தூள் வியாபாரம். மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அப்பா காலத்துக் கடை. வறுபடுகிற கொட்டையை எந்த நொடியில் இறக்க வேண்டும் என்பதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். அந்த மூக்கை நம்பித்தான் பிழைப்பு. ப்ரஸ்ஸல்ஸில் வேலை பார்க்கும் என் அத்தை மகனைப் பார்க்கப் போனபோது, கான்டியோன் என்கிற பழைய ப்ரூவரிக்குக் கூட்டிப்போனான். லாம்பிக் என்ற புளிப்பு பீர்மேல் எனக்கு ஆசை பிடித்தது அங்கேதான். இப்போது அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் பாட்டில் வரும். கூட்டாளிகளைக் கூப்பிட்டு வைத்து, நிதானமாகச் சுவைத்துப் பார்ப்போம்.

புதிதாக வருகிற ஆள் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அண்ணே, இது புளிச்சுப் போச்சுண்ணே" என்பார். "புளிச்சதுதான்டா, கொஞ்சம் பொறு" என்பேன். புளிப்போடு நின்றுவிட்டால் இந்த பீரில் ஒன்றுமே கிடைக்காது. அந்தப் புளிப்பு ஒற்றைப் புளிப்பு இல்லை. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பின்னால் பழம், மரம், வைக்கோல், தோல் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். புளியும் நெல்லிக்காயும் நார்த்தங்காயும் தின்று வளர்ந்த நாக்குக்கு இது சீக்கிரம் பிடிபடும் என்று உறுதியாக நம்புகிறேன். 21 வயது நிரம்பியவர்களுக்குத்தான் இதெல்லாம். அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்வது நல்லது. சுவைத்த அன்றைக்கு வண்டிச் சாவியைத் தொடக் கூடாது.

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் குடித்தால் எதைத் தேடுவது என்றே புரியாது.

கான்டியோனை 1900-ல் தொடங்கியவர் பால் கான்டியோன். ஆன்டர்லெக்ட் பகுதியில் இருக்கிறது. ப்ரஸ்ஸல்ஸின் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆரம்பத்தில் மற்றவர்கள் காய்ச்சிய லாம்பிக்கை வாங்கிக் கலந்து விற்றார்கள். 1930-களின் கடைசியில்தான் சொந்தமாகக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். பிறகு அந்த வீட்டு மருமகன் ழான்-பியர் வான் ராய் பொறுப்பேற்று, 1978-ல் ப்ரூவரியையே அருங்காட்சியகமாகவும் திறந்துவிட்டார். இப்போது அவர் மகன் ழான் வான் ராய் நடத்துகிறார். மருமகன் கைக்குப் போயும் பெயரையும் முறையையும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

செய்முறை இதுதான். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முளைகட்டிய பார்லி, மிச்சம் முளைகட்டாத கோதுமை. ஹாப்ஸ் பூவைப் புதிதாகப் போடுவதில்லை. வருடக்கணக்கில் காயவைத்து, கசப்பும் மணமும் பெரும்பாலும் இறங்கிப்போன பூவைத்தான் போடுகிறார்கள். தானியச் சாறு கெடாமல் காக்கும் குணம் மட்டும் அதிலிருந்து போதும். மணிக்கணக்கில் கொதித்த சாற்றைக் கூரைக்கு அடியில் இருக்கும் அகலமான செம்புத் தொட்டியில் ஊற்றி, ராத்திரி முழுக்கத் திறந்த வாக்கில் ஆறப்போடுகிறார்கள். அந்தத் தொட்டியை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆழம் குறைவு, பரப்பு ஒரு அறை அளவுக்கு. தகடுகளை ஆணியால் இணைத்த வரிசை தெரிகிறது. மேலே ஓட்டுக் கூரைச் சந்துகளில் காற்று வந்து போகிறது. அந்தக் காற்றிலும் மரத்திலும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தானாகவே சாற்றில் இறங்கும். ஈஸ்ட் வாங்கிப் போடுகிற வேலையே கிடையாது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பதநீர் தானாகக் கள்ளாவதைப் போலத்தான். வெயில் காலத்தில் காற்றில் வேண்டாத கிருமி கூடிவிடும் என்பதால் அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரைதான் காய்ச்சுவார்கள். உள்ளே சிலந்தி வலையைக்கூடக் கலைப்பதில்லை. சில வகைகளில் போடும் பழத்துக்கு வரும் பூச்சியைச் சிலந்தி பார்த்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகு மரப்பீப்பாயில் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம். மூன்று வயதையும் கலந்து பாட்டிலில் அடைத்தால் அது கூஸ். இளசில் மிச்சம் இருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து, நுரைக்கு வேண்டிய வாயுவைத் தரும். மூன்று வருடத்தது மணத்தையும் ஆழத்தையும் தரும். ஆல்கஹால் 5 சதவீதத்தைச் சுற்றித்தான்.

இனி பாட்டில் விஷயம். டாஸ்மாக் கடையில் இதைத் தேடி அலைய வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருகிற யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம். இரண்டு 750 மி.லி. பாட்டில், ஒரு 375 மி.லி. பாட்டில் என்றால் 1,875 மி.லி.; கணக்குச் சரியாக இருக்கும். நான் கேட்டு வாங்குவது: கூஸ் பெரியது, வெள்ளை மஸ்கட் திராட்சை போட்ட விஞ்ஞரோன் பெரியது, செர்ரி போட்ட க்ரீக் சின்னது. ஒவ்வொரு பாட்டிலையும் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். சென்னையில் இறங்கிக் காரில் வருகிறவர்கள் டிக்கியில் போடக் கூடாது. விழுப்புரம் தாண்டுவதற்குள் டிக்கி அடுப்பாகிவிடும். கால் பக்கம், ஏசி படுகிற இடத்தில் வையுங்கள்.

ப்ரஸ்ஸல்ஸ் நிலவறையில் நல்ல கூஸ் 20 வருடம்கூடப் படுத்துக் கிடக்கும். மதுரையில் அந்த ஆசை வேண்டாம். சித்திரை வைகாசியில் 40 டிகிரி தொடுகிற ஊர். தடித்த சுவர் வைத்த பழைய வீட்டில்கூட 30-க்குக் கீழே இறங்காது. ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்து, பயணத்தில் கலங்கியது அடங்க இரண்டு வாரம் விட்டு, சில மாதத்துக்குள் திறந்துவிடுங்கள். க்ரீக்கைக் கட்டாயம் தள்ளிப்போடாதீர்கள். பழ வாசம் முதலில் போய்விடும்.

பாட்டில் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் நாக்கைப் பழக்குங்கள். இந்த முறையில் நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது இதைத்தான். நாலு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தயிர் கட்டித் தொங்கவிட்டால் வடியும் தெளிநீர் கொஞ்சம். இரண்டாவதில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு. மூன்றாவதில் கரைத்து வடிகட்டிய புளித்தண்ணீர். நாலாவதில் வினிகர் சில சொட்டு. நாலும் ஏறக்குறைய ஒரே அளவு புளிக்கிற மாதிரி பார்த்துக் கலந்துகொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை விட்டு டம்ளரை மாற்றி மாற்றித் தரச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு வாயில் வையுங்கள்.

தயிர்த் தெளிவில் இருப்பது லாக்டிக் அமிலம். மெத்தென்று, உருண்டையாக வந்து நாக்கின் பக்கவாட்டில் பரவும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் சட்டென்று குத்தி, எச்சிலை ஊறவைத்துவிட்டுப் போய்விடும். புளியில் டார்டாரிக். அது பல்லில் பிடிக்கும், கொஞ்சம் கனமாக நிற்கும். வினிகரின் அசெட்டிக் அமிலம் வாய்க்கு முன்னால் மூக்குக்கு வந்துவிடும். விழுங்கினால் தொண்டையில் உரசும். முடிந்தால் சிம்மக்கல் பழக்கடையில் ஒரு பச்சை ஆப்பிள் வாங்கி ஐந்தாவதாக வையுங்கள், அது மாலிக். இந்த ஐந்தையும் நாக்கு பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் லாம்பிக்கின் முதுகெலும்பு லாக்டிக். அசெட்டிக் ஓரத்தில் கொஞ்சம் இருக்கும், கூடினால் குறை. திராட்சை போட்ட பாட்டிலில் டார்டாரிக் சேரும், செர்ரி போட்டதில் மாலிக் சேரும். எல்லாருக்கும் 'புளிப்பு' என்று ஒன்றாகத் தெரிவது உங்களுக்கு அடுக்கடுக்காகத் தெரியும்.

மூக்குக்கும் கொஞ்சம் பயிற்சி வேண்டும். நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். காய்ந்த வைக்கோல், நனைந்து காய்ந்த சாக்கு, புதுத் தோல் செருப்பின் உள்பக்கம், உடைத்த பெருநெல்லி. கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகளைத் தாண்டி நடந்தாலே இதில் பாதி வழியிலேயே கிடைத்துவிடும். கிராமத்தில் மாடு வளர்க்கிற வீடு தெரிந்திருந்தால், காலையில் தொழுவம் கூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை உள்ளே போய் நின்று வாருங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சுவைக்கிற அறை. மதுரைக்காரர்களுக்கு மட்டும் உள்ள இடைஞ்சல் ஒன்று இருக்கிறது: மல்லிகைப்பூ. தலையில் ஒரு முழம் பூவோடு ஒருவர் உட்கார்ந்தாலே அறை முழுக்க அதுதான். சாமி படத்துக்குச் சாத்திய சரம், சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாமே அன்றைக்கு வேறு அறையில் இருக்கட்டும். சமையலறையில் தாளிப்பு நடக்கக் கூடாது. சென்ட் அடித்துக்கொண்டு வரவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் கடையிலிருந்து நேராக உட்காருவதே இல்லை. குளித்து, சட்டை மாற்றி, தலை காய்ந்த பிறகுதான். காப்பி வாசம் முடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

கிளாஸ் கண்ணாடியாக, வாய் குறுகியதாக இருக்கட்டும். சாதாரண ஒயின் கிளாஸ் போதும். எவர்சில்வர் டம்ளரில் நிறமும் தெரியாது, மணமும் நிற்காது. சோப்பு வாசம் போகிறவரை வெந்நீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

குளிர்ச்சி விஷயத்தில்தான் நம் ஊரில் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஐஸ் மாதிரி இருந்தால்தான் பீர் என்கிற நினைப்பை இதில் விட்டுவிடுங்கள். 4 டிகிரியில் மணம் மூடிக்கொண்டு புளிப்பு மட்டும் முன்னால் நிற்கும். 12 முதல் 14 டிகிரி சரியான இடம். பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் முதல் ஊற்றலில் பார்த்துக்கொள்ளுங்கள். அறை 33 டிகிரியில் இருந்தால் கிளாஸில் சூடு வேகமாக ஏறும். அதனால் ஆளுக்கு ஒருமுறைக்கு 60 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். ஆறு பேருக்கு ஒரு பெரிய பாட்டில் இரண்டு சுற்று வரும்.

திறக்கும்போது மேலே சோடா மூடி, அதற்கு அடியில் கார்க் என்று இரண்டு அடைப்பு இருக்கும். மூடியை எடுத்ததும் கார்க் தானாக எகிறலாம், கட்டைவிரலை மேலே வைத்துக்கொள்ளுங்கள். கார்க்கைத் திருகியால் மெதுவாக, பாட்டிலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து இழுங்கள். வண்டல் அடியில் இருக்கும். பெல்ஜியத்தில் பாட்டிலைப் படுத்தவாக்கில் வைத்து ஊற்ற ஒரு கூடை வைத்திருப்பார்கள். என்னிடம் பனையோலைக் கொட்டான் ஒன்று இருக்கிறது. அதில் துண்டை மடித்துப் போட்டு, பாட்டிலின் கழுத்து கொஞ்சம் மேலே இருக்கிற மாதிரி சாய்த்து வைத்தால் அதே வேலை நடக்கும். ஆறு கிளாஸையும் வரிசையாக வைத்து, பாட்டிலை நிமிர்த்தாமல் ஒரே சாய்வில் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். நிமிர்த்தி நிமிர்த்தி ஊற்றினால் மூன்றாவது கிளாஸிலேயே கலங்கிவிடும்.

கூஸிலிருந்து தொடங்குங்கள். நிறம் மங்கின தங்கம். நுரை எழுந்து சீக்கிரம் அடங்கும். அது குறையில்லை, இந்த பீரின் சுபாவம். கிளாஸை ஆட்டாமல் முதலில் ஒருமுறை முகருங்கள். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள் மாதிரி லேசானவை மேலே மிதக்கும். அப்புறம் இரண்டு சுற்று சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள். இப்போது அடியிலிருந்து வருவது வேறு: வைக்கோல், சாக்கு, தோல். முதல்முறை இதை முகர்ந்த என் கூட்டாளி ஒருவர், அலங்காநல்லூர் பக்கம் மாடு வளர்ப்பவர், கிளாஸை மூக்கிலிருந்து எடுக்காமலேயே, "எங்க கொட்டாய் வாசம்ணே இது, விடியக்காலம் இருக்குமே அது" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். ப்ரெட்டனோமைசிஸ் என்கிற காட்டு ஈஸ்ட் கொடுக்கிற வாசம் அது. அதில் ஒரு வகைக்கு ப்ரஸ்ஸல்ஸ் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒயின் செய்கிறவர்கள் பொதுவாக இதைப் பார்த்தால் பயப்படுவார்கள். லாம்பிக்காரர்களுக்கு இது இல்லாவிட்டால் பீரே இல்லை.

முதல் வாய் சின்னதாக. நாக்கு முழுக்கப் படும்படி ஒரு சுற்று சுற்றி விழுங்கிவிடுங்கள். அதைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள், எழுதாதீர்கள். அது நாக்கை எழுப்பிவிடுவதற்கு மட்டும். ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது வாய். இதை மெதுவாக வாயில் வைத்து, பாட்டில் திறப்பதற்கு முன் பழகிய அந்த நாலைந்து புளிப்பில் எது எது வருகிறது என்று தேடி, ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அப்போதுதான் மணத்தின் பெரும்பங்கு தெரியும். கடைசியில் ஈறு ஓரத்தில் ஒரு துவர்ப்பு வரும், நெல்லிக்காய் கடித்த பிறகு வருகிற மாதிரி. அது பீப்பாய் மரம் கொடுத்தது. இனிப்பு ஏறக்குறைய இல்லை. வருடக்கணக்கில் கிருமிகள் சர்க்கரையை விட்டுவைக்கவில்லை.

பிறகு இரண்டு வாய் மிச்சம் விட்டு, கிளாஸை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள். இருபது நிமிடம் கழித்து, மிச்சம் வைத்த அந்த இரண்டு வாயைத் திரும்ப எடுங்கள். வாயு குறைந்து, சூடு ஏறி, பழமும் தேனும் மாதிரி ஒன்று உள்ளேயிருந்து கிளம்பியிருக்கும். முகம் சுளித்தவர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கிளாஸை நீட்டி இன்னொரு சுற்று கேட்பார்.

அடுத்தது விஞ்ஞரோன். இதை முகரும்போது கம்பம் பன்னீர் திராட்சையை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பன்னீர் திராட்சை கறுப்பு மஸ்கட் வகை, அவர்கள் போடுவது வெள்ளை. பூவாசம் மட்டும் ஒரே குடும்பம் என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். சீசனாக இருந்தால் ஒரு கொத்து வாங்கிப் பக்கத்தில் வைத்து, ஒரு பழத்தை நசுக்கி முகர்ந்துவிட்டுக் கிளாஸை முகருங்கள். கூஸைவிட இதில் புளிப்பு பல்லில் நிற்கும், அதுதான் டார்டாரிக்.

க்ரீக் கடைசி. நல்ல சிவப்பு. ஒரு லிட்டருக்கு 200 கிராம் அளவில் புளிப்புச் செர்ரியைக் கொட்டையோடு பீப்பாயில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைப்பது. பழத்துக்குப் பின்னால் பேக்கரி பாதாம் எசன்ஸ் மாதிரி ஒரு வாசம் வரும். அது கொட்டையிலிருந்து வருவது. அதைக் கண்டுபிடிக்கிற வரை கிளாஸைக் காலி செய்யாதீர்கள்.

கெட்ட பாட்டிலும் இருக்கும், அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். வினிகர் டம்ளரின் வாசம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கினால், அல்லது நகப்பாலீஷ் அழிக்கிற திரவம் மாதிரி அடித்தால், காற்று புகுந்திருக்கிறது. ஈரமான பழைய நியூஸ்பேப்பர் வாசம் வந்தால் கார்க் கெட்டது. அது எத்தனை நேரம் விட்டாலும் போகாது. விளக்கெண்ணெய் மாதிரி வழவழவென்று ஊற்றினால் அது பெடியோகாக்கஸ் என்கிற பாக்டீரியாவின் வேலை. அது நிரந்தரக் கேடு இல்லை. அதே தேதியில் வந்த இன்னொரு பாட்டில் இருந்தால் சில மாதம் விட்டுத் திறங்கள், காட்டு ஈஸ்ட் அதைச் சரி செய்திருக்கும்.

சாப்பாடு பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். சுவைக்கும்போது உப்பில்லாத பொரியும் தண்ணீரும் மட்டும். முடிந்த பிறகு ப்ரஸ்ஸல்ஸ்காரர்கள் புதுப் பாலாடைக்கட்டியை ரொட்டியில் தடவி, முள்ளங்கி வைத்துச் சாப்பிடுவார்கள். இங்கே தயிரைத் துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு, வந்த கட்டித் தயிரில் உப்பும் மிளகும் சேர்த்து ரொட்டியில் தடவுங்கள். மேலே மெல்லிசாக முள்ளங்கி, பொடியாகச் சின்ன வெங்காயம். வடிந்த தெளிநீரை அடுத்த தடவைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். நெய் ஒழுகும் மட்டன் சுக்காவோடு கூஸ் அருமையாகப் போகும், காரம் மிளகாக இருக்கும்வரை. மிளகாய்க் காரமும் புளிப்பும் சேர்ந்தால் வாய் எரியும், வேறெதுவும் தெரியாது. அயிரை மீன் குழம்பை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழம்புப் புளி பீரின் புளிப்பை அப்படியே விழுங்கிவிடும்.

கான்டியோன் கிடைக்காவிட்டால் பூன், த்ரீ ஃபோன்டைனன் பாட்டில்களைக் கேளுங்கள். லேபிலில் ஓ, யு, டி, இ என்ற நாலு ஆங்கில எழுத்தும் கூஸ் அல்லது க்ரீக் என்ற பெயரும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அது பழைய முறையில் செய்தது; அந்தச் சொல் இல்லாத பழ பாட்டில்கள் பல இனிப்புச் சேர்த்தவை. புளிப்புக்கு இன்னும் மனம் வராதவர்களுக்கு ரோசலேர் ஊரில் 1821-ல் தொடங்கிய ரோடன்பாக் நல்ல வாசல். அது வேறு வகை, செம்பழுப்பு நிறம், கொஞ்சம் இனிப்பும் கலந்திருக்கும். அதில் பழகிவிட்டுக் கூஸுக்கு வரலாம்.

பாட்டிலில் கால்பங்கு மிஞ்சினால் ரப்பர் அடைப்பான் போட்டு நிமிர்த்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடி வண்டலைக் கடைசியில் தனி கிளாஸில் ஊற்றி ஒரு வாய் பாருங்கள். ஈஸ்ட்டின் சுவை தனியாகத் தெரியும். மறுநாள் நுரை போயிருந்தாலும் மணம் இருக்கும். முதல் நாள் எழுதிய அதே பக்கத்தில் மறுநாள் குறிப்பையும் எழுதிவிட்டு முடித்துவிடுங்கள், மூன்றாம் நாளுக்கு வைக்க வேண்டாம்.